பீரோ கதவில் ஒட்டிய பேட்சுகள்: சென்னைக் கண் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கும், கண் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும், ஆப்டோமெட்ரி ஆசிரியர்களுக்கும், இந்த வேலைக்கெல்லாம் பணம் ஒதுக்கக் கையெழுத்துப் போடுகிற சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வியாசர்பாடியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. நீங்கள் எழுதித் தரும் சீட்டைப் பார்த்து லென்ஸ் வெட்டி, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் பொருத்திக் கொடுக்கிறவன். 22 வருஷமாக இதே வேலை. ஒரு நாளைக்கு எத்தனையோ சீட்டு கையில் வந்து போகும், எதுவும் மனசில் நிற்காது. ஆனால் வலது கண் பவர் ப்ளஸ் ஐந்தரை, இடது கண் பவர் ப்ளஸ் ஒன்று என்று சீட்டில் இருந்து, வயது என்ற இடத்தில் 5 என்றும் இருந்தால், தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டு ஒரு தடவை வாசலைப் பார்ப்பேன். அந்தப் பிள்ளை எப்படி நடந்து வருகிறது, படிக்கட்டில் காலை எப்படி வைக்கிறது என்று.

ஏனென்றால் எனக்கும் அதே கண்தான். சோம்பல் கண்.

நாலாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்தது. சுவரில் எழுத்து அட்டை, எதிரே சாக்பீஸ் கோடு, கோட்டுக்குப் பின்னால் நாங்கள் வரிசையாக. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் சத்தமாகப் படித்தார்கள். என் முறை வருவதற்குள் கடைசி வரிவரை எனக்கு மனப்பாடம். இடது கண்ணை மூடச் சொன்னார்கள், விரலை விரித்துக்கொண்டு மூடினேன். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது. ஒழுங்காக மூடினால் அட்டை தெரியவில்லை, தெரியவில்லை என்றால் அடி விழும், அவ்வளவுதான் அந்த வயசுக் கணக்கு. 'நார்மல்' என்று எழுதிக்கொண்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு 19 வயதில்தான் தெரிந்தது. போலீஸ் வேலைக்குப் போனேன். ஓட்டம், கயிறு ஏறுவது எல்லாம் முடிந்து கண் பரிசோதனை. அந்த டாக்டர் என் கையை நம்பவில்லை, கறுப்பு அட்டையால் இடது கண்ணை முழுசாக மறைத்தார். சுவரில் ஒரு வெளிச்சம் இருந்தது, எழுத்து இல்லை. "சின்ன வயசுலயே பாத்திருக்கணும்பா" என்றார். பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே வந்து, கொஞ்ச நாள் கழித்து பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரியிடம் லென்ஸ் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். அடுத்தவன் கண்ணுக்குக் கண்ணாடி செய்வதற்கு ஒரு கண் போதுமாக இருந்தது. இந்த ஏரியாவில் பிறந்தும் எனக்கு ஃபுட்பால் வராததற்குக் காரணமும் அப்புறம்தான் புரிந்தது. உயரத்தில் வருகிற பந்து எங்கே இறங்கும் என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

'சோம்பல் கண்' என்று இதற்குப் பெயர் வைத்தவர் யாரோ, அவரால் எங்கள் பகுதிப் பிள்ளைகள் நிறைய திட்டு வாங்கியிருக்கிறார்கள். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு அம்மா என் கடையில் உட்கார்ந்து சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "சோம்பேறிக் கண்ணாம் சார். அவங்கப்பன மாரியே, அதுவும் வேல செய்ய மாட்டேங்குது." சிரித்துவிட்டேன். பிறகுதான் விளக்கினேன். கண்ணில் சோம்பல் எதுவும் இல்லை. ஒரு கண் தெளிவான படத்தையும் இன்னொன்று மங்கலான படத்தையும் அனுப்பினால், அல்லது மாறுகண்ணாக இருந்து இரண்டும் வேறு வேறு படம் அனுப்பினால், வளர்கிற மூளை தெளிவானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. கொஞ்ச வருஷம் அப்படியே விட்டால் அதுவே நிலைத்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணால் மட்டும் படிக்க முடியாது. ஹ்யூபெல், வீசல் என்ற இரண்டு பேர் 1960-களில் பூனைக் குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து இதைக் காட்டினார்கள், 1981-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். 100 பிள்ளைகளில் 2, 3 பேருக்கு இது இருக்கும் என்கிறார்கள். செல்போன் பார்த்ததால் வருவதில்லை. பொன்னாங்கண்ணிக் கீரை தின்றால் போவதுமில்லை, கீரை நல்லதுதான் என்றாலும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி வைத்தியம் பார்க்காமல் விட்ட வீடுகளும் எனக்குத் தெரியும்.

இதெல்லாம் உங்களுக்குப் பாடம் நடத்தவா என்று கேட்காதீர்கள். இந்த மடலை எங்கள் தெருக்காரர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக எழுதினேன். உங்களிடம் சொல்ல வந்தது வேறு.

சோம்பல் கண்ணுக்கு மருத்துவம் மலிவானது. கண்ணாடி, மற்ற கண்ணை மூளை பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நல்ல கண்ணை மறைக்கிற பேட்ச், அதே காரணத்துக்காக நல்ல கண்ணை மங்கலாக்குகிற அட்ரோபின் சொட்டு மருந்து. இந்த மூன்றும்தான் இன்றைக்கும் பிரதானம். நல்ல கண்ணை மறைக்கும் யோசனையை பிரான்ஸில் பூஃபோன் என்பவர் 1743-இலேயே எழுதிவிட்டார். அட்ரோபினும் பழைய மருந்து. அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு எது விலையாகிறது?

அந்தக் காசிமேட்டு அம்மாவையே எடுத்துக்கொள்வோம். ராத்திரி 2 மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகிறவர். கூடையோடு தெருத்தெருவாகச் சுற்றி வீட்டுக்கு வர மதியம் ஆகும். வந்தால் தூக்கம். பையனுக்கு 5 வயசு, பார்த்துக்கொள்வது பாட்டி. தினமும் பேட்ச் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒட்டுகிற பேட்ச் மே மாதத்தில் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்ததுண்டா? அரை மணி நேரத்தில் வியர்வையில் ஓரம் கிளம்பும். தோல் சிவந்து அரிக்கும். பிய்க்கும்போது புருவ முடியும் சேர்ந்து வரும். பையன் அழுவான், பாட்டி மனசு இளகும். அந்த அம்மா தன் போனில் ஒரு படம் காட்டினார். வீட்டு பீரோ கதவில், பையன் எட்டுகிற உயரத்தில், பேட்சுகள் ஒட்டியிருந்தன. எண்ணிப் பார்த்தேன், 27. சில இடங்களில் இரண்டிரண்டாகப் பக்கத்தில் ஒட்டியிருந்தான், பீரோவுக்குக் கண் வைத்தது போல.

"டாக்டர்கிட்ட இதச் சொன்னீங்களாம்மா?"

"இன்னான்னு சார் சொல்றது? திட்டுவாரு. தெனம் கட்றோம்னு சொல்லிட்டேன்."

இந்த ஒரு பதில் உங்கள் கேஸ் ஷீட்டில் என்னவாக மாறும்? பேட்ச் ஒழுங்காகப் போடுகிறார்கள், பார்வை முன்னேறவில்லை, நேரத்தைக் கூட்டவும். இன்னும் அதிக நேரம், இன்னும் அதிக அழுகை, இன்னும் ஒரு பொய். இங்கிலாந்தில் பேட்சுக்குள் சின்ன மின்னணுக் கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். சொன்ன நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் பிள்ளைகள் போட்டார்களாம். அங்கேயே அப்படி. அதே ஆய்வுக்காரர்கள் போட்ட கணக்கு, எழுத்து அட்டையில் ஒரு வரி முன்னேற சுமார் 120 மணி நேரம் மறைப்பு வேண்டும் என்பது. தினம் 2 மணி நேரம் என்றால் 60 நாள். நம் பையனைப் போல அரை மணி நேரம் என்றால் 240 நாள், எட்டு மாதம். அதற்குள் அந்த அம்மா எத்தனை தடவை ஏலத்தை விட்டுவிட்டு எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற வேண்டும்?

விலை அங்கேதான் இருக்கிறது. ஒரு நாள் வியாபாரம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம், தெருப் பிள்ளைகள் வைக்கிற பட்டப்பெயர், வியர்வை, பாட்டியின் இளகிய மனசு. இவற்றைக் குறைப்பது எப்படி என்பதைத்தான் நீங்கள் ஆராய வேண்டும் என்று கேட்கிறேன். அதை ஆளுக்கொரு மூலையில் செய்யாமல் சேர்ந்து செய்யுங்கள், மூடிவைத்துச் செய்யாமல் திறந்து செய்யுங்கள்.

அமெரிக்காவில் 1997-இல் குழந்தைகள் கண் நோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள், பெடிக் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் மட்டும் அதில் இல்லை. ஊருக்குள் சின்ன கிளினிக் வைத்திருக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே முறையில் அளந்து, ஒரே படிவத்தில் எழுதி, ஓரிடத்தில் சேர்த்தார்கள். அதனால் என்ன கிடைத்தது பாருங்கள். 2002-இல் அட்ரோபின் சொட்டும் பேட்சும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன என்று 419 பிள்ளைகளை வைத்துச் சொன்னார்கள். அடுத்த வருஷம், நடுத்தரப் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 மணி நேரம் வேண்டாம், 2 மணி நேரம் பேட்ச் போட்டாலே அதே முன்னேற்றம் என்றார்கள். 2004-இல் அட்ரோபினைத் தினமும் போடாமல் சனி, ஞாயிறு மட்டும் போட்டாலும் போதும் என்று வந்தது. 2005-இல் வந்ததுதான் எனக்கு மிக முக்கியம். 7 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்குக் கண்ணாடியோடு பேட்சும் அட்ரோபினும் கொடுத்தபோது 100-க்கு 53 பேர் நன்றாக முன்னேறினார்கள், கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 பேர். 'ஏழு வயசு தாண்டிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது' என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகளை இன்றைக்கும் என் கடையில் பார்க்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுக் கண்ணாடிகூட வேண்டாம் என்று எழுந்து போன அப்பாக்களையும்.

இவற்றில் ஒன்றுமே புது மருந்து இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்ததையே எவ்வளவு குறைத்தால் போதும் என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக்கு இதில் லாபம் இல்லை, அதனால் கம்பெனி இந்தக் கேள்வியைக் கேட்காது. பொதுப் பணத்தில், கூட்டாகச் செய்கிறவர்கள்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள் இல்லை. தொண்டையார்பேட்டை வெயிலில் அட்ரோபின் போட்டுக் கண்மணி விரிந்த கண்ணோடு ஒரு பிள்ளை தெருவில் விளையாடினால் கண் எவ்வளவு கூசும்? தொப்பி போதுமா? துணியில் தைத்துக் கண்ணாடிக்கு மேல் மாட்டுகிற பேட்ச், ஒட்டுகிற பேட்சைவிட நம் ஊர் வியர்வைக்கு ஒத்துவருமா? எம்.சி. ரோடு ஜாக்கெட் பிட்டில் ஒரு தையல்கார அக்காவை வைத்து நானே சிலது தைத்து வைத்திருக்கிறேன். பிள்ளைக்குப் பிடித்த பூப்போட்ட துணியாக இருந்தால் மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக்கொள்கிறது. ஆனால் மூக்குப் பக்கத்து இடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிற பிள்ளையும் உண்டு. நாலாம் வகுப்பில் நான் விரலை விரித்த மாதிரியேதான். அந்த இடுக்கை அடைக்க மூன்று முறை வெட்டு மாற்றினேன். மூன்றாவது வெட்டு பரவாயில்லை. பரவாயில்லை என்பது என் வாய்ச்சொல், அளந்து பார்க்க எனக்குப் படிப்பு கிடையாது.

இன்னொன்றும் சொல்கிறேன். நல்ல கண் லென்ஸின் மேல் மங்கலான படலம் ஒட்டுகிற முறை ஒன்று உண்டு, பாங்கர்ட்டர் ஃபில்டர் என்பார்கள். 2010-இல் அதே கூட்டமைப்பு அதை 2 மணி நேரப் பேட்சோடு வைத்துப் பார்த்தது. முன்னேற்றம் கிட்டத்தட்ட அதே அளவு, பெற்றோருக்குத் தொல்லை குறைவு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்ணாடி மாதிரி இருக்கும், கேலியும் குறையும். அது வெளிநாட்டுச் சரக்கு. குளியலறை ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டுகிற மங்கல் தாள் என் கடைக்கு எதிர்ப்புறம் ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதில் எது எவ்வளவு மங்கலாக்குகிறது, ஒரு மாதம் துடைத்தால் என்ன ஆகிறது என்று உங்களில் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து அளந்து சொன்னால் போதும். நானாக எந்தப் பிள்ளைக்கும் ஒட்டித் தர மாட்டேன். நல்ல கண்ணை அதிகமாக மறைத்தால் அதன் பார்வையும் குறையலாம், டாக்டர் கண்காணிப்பில்லாமல் செய்கிற காரியம் இல்லை இது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

விளையாட்டு வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டி இரண்டையும் சேர்ந்து வேலை செய்ய வைக்கிற வீடியோ சிகிச்சை. 2021-இல் அமெரிக்காவில் ஒன்றுக்கு அனுமதியே கிடைத்துவிட்டது, தலையில் மாட்டுகிற கருவியில் படம் பார்ப்பது. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், கட்டைகள் மேலிருந்து விழுகிற ஒரு விளையாட்டை வீட்டில் ஆடக் கொடுத்துச் சில நாடுகளில் சேர்ந்து சோதித்தார்கள். சும்மா ஒரு விளையாட்டு ஆடியவர்களைவிட அதிகப் பலன் இல்லை என்று 2018-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. அவர்கள் மறைத்திருந்தால், அதையே நகலெடுத்து டேப்லெட்டில் போட்டு எங்கள் தெருவில் பல்லாயிரத்துக்கு விற்க ஆள் வந்திருப்பான். 'பலன் இல்லை' என்ற முடிவும் எங்களுக்குக் காசு மிச்சம் பண்ணுகிற முடிவுதான், தயவுசெய்து அதையும் வெளியிடுங்கள்.

இங்கே என்ன நடக்கிறது? சில வருஷத்துக்கு முன் ஒரு மாணவி தன் தீசிஸுக்காக என் கடைக்கு வந்தார். நல்ல பெண், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பேசினார். 40 பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். பைண்டு பண்ணிய புத்தகம் துறை அலமாரிக்குப் போனது, அவர் வேறு ஊருக்குப் போனார். அடுத்த வருஷம் வேறு கல்லூரியிலிருந்து வேறொருவர் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். பத்துப் பேர் ஒரே அளவுகோலில் அளந்திருந்தால் அது 400 பிள்ளைகளின் கதையாகியிருக்கும். இப்போது பத்து அலமாரி.

நம் நாட்டுக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. காசநோய்க்கு மருந்து தேட, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 2008-இல் திறந்தமுறை மருந்து ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கல்லூரி மாணவர்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. புதிய மூலக்கூறு தேடுவதைவிட, துணி பேட்சா ஒட்டுப் பேட்சா என்று பார்ப்பது எவ்வளவோ எளிது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது, ஆசியாவிலேயே பழையது என்று பெருமையாகச் சொல்கிறோம். கஞ்சித் தொட்டி என்று எங்கள் பாட்டிமார் சொன்ன ஸ்டான்லி ஆஸ்பத்திரி இங்கேயே இருக்கிறது. தர்மக் கண் ஆஸ்பத்திரிகள், ஆப்டோமெட்ரி கல்லூரிகள், கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள், எல்லாம் ஒரு பஸ் தூரத்தில். கண்வலி ஒன்றுக்குத் தன் பெயரையே கொடுத்த ஊர் இது. குழந்தைக் கண்ணுக்கு ஒரு பொதுப் பதிவேடு கொடுக்க முடியாதா?

செய்யும்போது சில விஷயம். சோதனை ஆரம்பிக்கும் முன்பே தேசிய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள். அது விதி, உங்களுக்குத் தெரியும். அதன் தமிழ்ப் பிரதி ஒன்றை, எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி, பால்வாடிச் சுவரில் ஒட்டுங்கள். தகவலைத் திறந்து வையுங்கள் என்றால் பிள்ளையின் முகத்தையும் பெயரையும் திறந்து வைக்கச் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் பெண் பிள்ளையின் 'கண் கோளாறு' கல்யாணப் பேச்சுவரை துரத்தும். பேட்சின் வெட்டு, விளையாட்டின் நிரல், படிவம் எதற்கும் காப்புரிமை வாங்காமல் விட்டால் எண்ணூரில் இருக்கிற தையல்காரரும் தைத்துக் கொடுப்பார். கேள்வியை முடிவு செய்கிற கூட்டத்தில் அந்தக் காசிமேட்டு அம்மா மாதிரி இரண்டு பேரை உட்கார வையுங்கள். அன்றைய கூலியைக் கொடுத்து. டீ, பிஸ்கெட் மட்டும் போதாது.

இடம் எது என்று கேட்டால், என் ஓட்டு பால்வாடிக்குத்தான். 2009-இல் வந்த கண்ணொளி காப்போம் திட்டம் நல்ல திட்டம், அதில் கண்ணாடி வாங்கிய பிள்ளைகள் இந்தத் தெருவிலேயே நிறைய. ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது, அதற்குள் 11 வயசு. 2013 முதல் இருக்கிற தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை மருத்துவக் குழு வர வேண்டும். அந்தக் குழுவோடு, எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கான பட அட்டையும், ஓட்டையில்லாமல் கண்ணை மறைக்க ஒரு பசைப் பட்டையும் போகட்டும். கை வேண்டாம், கையை நம்பாதீர்கள். சந்தேகப்படுகிற பிள்ளைக்குச் சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்க்க ஒரு நாள் குறியுங்கள். கடைகளில் இருக்கிற கம்ப்யூட்டர் மெஷினை மட்டும் நம்பினால் சின்னப் பிள்ளையின் ப்ளஸ் பவர் ஒளிந்துகொள்ளும், என் கடை மெஷினையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு அந்த 2 மணி நேரப் பேட்சை பால்வாடியிலேயே போட்டால் என்ன? பாட்டியின் மனசு குறுக்கே வராது. டீச்சரும் ஆயாவும் மணி பார்த்து எழுதுவார்கள், அது வீட்டுக் கணக்கைவிட நம்பகமாக இருக்கும். கலர் அடிப்பதும் மணி கோப்பதும் அங்கே எப்படியும் நடக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் பத்து நிமிஷம் பேட்ச் போட்டு விளையாட்டாக்கினால் கேலியும் குறையலாம். ஆயாவுக்கு இது கூடுதல் வேலை, அதற்குத் தனியாகப் பணம் வேண்டும், இதையும் பட்ஜெட்டில் இப்போதே எழுதிவிடுங்கள். வீட்டில் போடுகிற பிள்ளைகளோடு ஒப்பிட்டு எது மேல் என்று பாருங்கள். வீடுதான் மேல் என்று வந்தால் அதையும் சுவரில் ஒட்டுங்கள்.

என்னிடம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 11 வருஷமாக, இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் தனி நோட்டுப் போட்டிருக்கிறேன். வயசு, பவர், எந்த மாசம் கண்ணாடி வாங்கினார்கள், எப்போது உடைத்துக்கொண்டு வந்தார்கள், எத்தனை பேர் திரும்ப வரவே இல்லை. பெயரை எடுத்துவிட்டு மற்றதைத் தருகிறேன், பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான். துணி பேட்சின் மூன்று வெட்டும் அட்டையில் வரைந்து வைத்திருக்கிறேன். காசிமேட்டுப் பையனுக்கு இப்போது மூன்றாவது வெட்டு, நீலத் துணியில் மீன் போட்டது, அவனுடைய டாக்டரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகு கொடுத்தது. போன மாதம் வந்தபோது இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், அதனால் நாலாவது வெட்டு ஒன்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கடை லீவு. அன்றைக்கு வந்தால் உட்கார்ந்து பேசலாம். மற்ற நாளில் காலை பத்தரைக்குள் வாருங்கள், அதற்கப்புறம் கூட்டம் வந்துவிடும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து,
ஒரு கண்ணாடிக் கடைக்காரன்